பாலத்தில் திறந்துவிட்ட தண்ணீர்

மார்ச் 3

அண்ணா,

என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறாதே. அப்பா உயிரோடுதான் இருக்கிறார். ஆனால் இருக்கிற லட்சணத்தை நீ பார்க்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் போன் அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நீயும் மெதுவாகப் பேசுகிற ஆள் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை முன்னாள் படைவீரர் சங்கத்தின் அணிவகுப்பு. வழக்கம்போல சட்டையை இஸ்திரி போட்டு, நான்கு பதக்கங்களையும் குத்திக்கொண்டு போனார். இந்த வருஷம் சங்கத்துக்குப் புதுச் செயலாளர். கையில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் நெஞ்சையும் அதோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். அப்பாவிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"ஐயா, உங்க பதிவுல மூணுதான் இருக்கு. நாலு குத்தியிருக்கீங்களே?"

"எனக்கு நாலுதான்."

"வீரப் பதக்கம் உங்க பேர்ல ஏறவே இல்லையே. குடுக்காத பதக்கத்தைப் போடறது குற்றம், தெரியுமில்ல?"

சொல்லிக்கொண்டே அவர் கையாலேயே அதைக் கழற்றி ஒரு கவருக்குள் போட்டார். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கூட்டம் முடிகிற வரைக்கும் அதே வரிசையில் அப்படியே நின்றார். நானாக இருந்தால் அழுதிருப்பேன், இல்லை, அந்த ஆளின் பட்டியலைக் கிழித்திருப்பேன்.

மே மாதக் கடைசிக்குள் பதிவைத் திருத்திக் கொண்டுவர வேண்டுமாம். இல்லையென்றால் போலீசுக்கு எழுதிப் போடுவார்களாம். அப்பா இப்போது பேப்பர் வாங்கக்கூட வெளியே போவதில்லை. நான் பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிறவள், உனக்குத்தான் தெரியுமே. வாயைத் திறக்க முடியாமல் வருகிறவர்கள்கூட, "உங்கப்பாவைப் பத்திக் கேள்விப்பட்டோமே" என்று தாடையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள்.

ராணுவப் பதிவு அலுவலகம் உன் ஊரில்தான் இருக்கிறது. ஒரு தடவை போய்ப் பார்த்துச் சொல்வாயா? நீ அவரிடம் "அது குடுத்த பதக்கமா, கடையில வாங்கினதா?" என்று கேட்டதையும், அவர் "வெளிய போ" என்றதையும் நான் மறக்கவில்லை. அது உங்கள் இருவருக்கும் நடுவில். இதை எனக்காகச் செய்.

உன் தங்கை


மார்ச் 9

தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. செயலாளர் செய்தது அநாகரிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி அநாகரிகம் இல்லை.

நான் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்க்கிறவன். அழுதுகொண்டே பொய் சொல்கிறவர்களையும், சிரித்துக்கொண்டே உண்மை சொல்கிறவர்களையும் தினமும் பார்க்கிறேன். எனவே நீயும் கொஞ்சம் யோசி. அப்பா ராணுவத்தில் தண்ணீர் லாரி ஓட்டினவர். அதைக் கேவலமாகச் சொல்லவில்லை. ஆனால் எந்தச் சண்டையில், எதற்காக அந்தப் பதக்கம் என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறாரா? பள்ளிக்கூடத்தில் என்னை "தண்ணி லாரி வீரன் மகன்" என்று கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து "என்ன செஞ்சீங்கப்பா, சொல்லுங்க, நாளைக்கு அவனுங்க மூஞ்சில சொல்றேன்" என்று கெஞ்சினேன். "போய்ப் படி" என்றார். வளர்ந்த பிறகு கேட்டபோது வெளியே போகச் சொன்னார். சொல்ல ஒன்று இருந்தால் ஏன் சொல்ல மாட்டார்?

போகிறேன். அவர் கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதம் இல்லாமல் கோப்பைக் காட்ட மாட்டார்களாம், அனுப்பி வை. ஆனால் அங்கே ஒன்றும் இல்லையென்றால் இன்னொரு தடவை போ என்று என் கழுத்தை அறுக்காதே.

அண்ணன்


மார்ச் 15

அண்ணா,

அனுமதிக் கடிதம் இதோடு இருக்கிறது. கையெழுத்து ஒருமாதிரி கோணலாக இருக்கும், அவருடையதுதான். "எதுக்கு இது?" என்றார். பென்ஷன் விஷயம் என்று புளுகினேன். படிக்காமலே போட்டுக் கொடுத்தார். எதையும் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்.

உன் கடிதத்தைப் படித்து முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பயம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், யாரிடமும் சொல்லிவிடாதே. அவர் குளிக்கப் போயிருந்தபோது அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மற்ற மூன்று பதக்கங்களுக்கும் அத்தாட்சிக் காகிதம் இருக்கிறது. நாலாவதுக்கு இல்லை. பெட்டியை மூடி, இருந்த இடத்திலேயே தள்ளி வைத்தேன்.

அதைவிட மோசம் இன்று காலையில் நடந்தது. சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, "ஏம்மா, ஒருவேளை அது எனக்குக் குடுத்ததே இல்லையோ? வேற யாருக்கோ குடுத்ததை நான் வாங்கிட்டு வந்துட்டேனோ?" என்றார். முகத்தில் பாதி நுரை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை அண்ணா. ஊரே சொன்னதும் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவர் பொய்யர் என்று தெரிந்தால்கூட நான் எப்படியாவது தாங்கிக்கொள்வேன். தான் பொய்யனோ என்று அவரே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத்தான் பார்க்க முடியவில்லை. சீக்கிரம் போ.

தங்கை


மார்ச் 28

தங்கச்சிக்கு,

போனேன். கண்ணாடித் தடுப்பில் பேசுகிற ஓட்டை இடுப்பு உயரத்தில் இருக்கிறது. குனிந்து கும்பிடு போடுகிற மாதிரிதான் யாராக இருந்தாலும் பேச வேண்டும். மூன்று மேஜைகளுக்கு அனுப்பினார்கள். கடைசி மேஜை அதிகாரி நல்ல மனிதர், பாவம், தும்மிக்கொண்டே இருந்தார். அத்தனை தூசி.

அப்பாவின் பதிவை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். வீரப் பதக்கம் இல்லை.

இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறைத்தால் நாளைக்கு நீயே என்னைத் திட்டுவாய். பக்கம் முழுவதும் நீல மை. நடுவில் ஒரே ஒரு வரி சிவப்பு மையில் இருக்கிறது. "பணியில் இருந்தபோது அரசின் குடிநீரை வேண்டுமென்றே வீணாக்கியது. காவல், பதினான்கு நாள்." தேதி ஆகஸ்ட் 19, சண்டை நடந்த வருஷம்.

அப்பா சிறையில் இருந்திருக்கிறார். பதக்கம் வாங்கிய வருஷம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த அதே வருஷத்தில்! அதிகாரி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இதை வெச்சுக்கிட்டு அதைக் கேக்கறது கஷ்டம் சார்" என்றார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று உனக்குத் தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை. அன்றைக்கு ஆபீசுக்குப் போகவில்லை. இதை அவரிடம் கேட்காதே.

அண்ணன்


ஏப்ரல் 4

அண்ணா,

கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. ஆகஸ்ட் 19 என்று படித்ததுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்கு அது என்ன நாள் என்று தெரியவில்லையா? அப்பா தண்ணீர் குடிக்காத நாள்! வருஷத்தில் ஒரு நாள், விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் சொட்டுத் தண்ணீர் தொட மாட்டார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அம்மா இருந்தவரைக்கும், அன்றைக்கு மட்டும் அவரிடம் எதற்கும் வாய் கொடுக்க மாட்டாள்.

"அப்பா, ஆகஸ்ட் பத்தொன்பதுல தண்ணியை வீணாக்கினீங்களாமே?" என்றேன். முதலில் எரிந்து விழுந்தார். யார் சொன்னது, யாரைக் கேட்டு என் கோப்பை எடுத்தீங்க என்று குதித்தார். பிறகு நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"என்னை அப்போ பாலம் கட்டற பிரிவுக்குக் கொஞ்ச நாள் கடனாக் குடுத்திருந்தாங்க. அவங்க டிரைவருக்குக் காய்ச்சல். லாரி எங்க பிரிவோடது, நான் ஓட்டினது அவங்களுக்கு. அன்னைக்கு ரொம்பின டேங்கரோட மலைமேல இருக்கற காவல் கூடாரத்துக்குப் போறேன். மேல ரெண்டு நாளாத் தண்ணி இல்ல. ஆத்துக்கிட்ட வந்தா, பாலம் கட்டிட்டிருந்த பசங்க மேல குண்டு விழுந்திருக்கு. அவங்க வண்டி எரியுது. அடிபட்டவன் எல்லாம் மண்ணுல கிடக்கறான். மலைக்குப் போற பாதை இந்தக் கரையில, ஆஸ்பத்திரி அந்தக் கரையில. பாலத்துல அக்கரை வரைக்கும் பலகை மட்டும்தான் போட்டிருந்தாங்க, ரொம்பின டேங்கரைத் தாங்காது. நான் என்ன செய்யட்டும், சொல்லு?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

"குழாயைத் திறந்து விட்டேன். மொத்தத்தையும். காலி வண்டிமேல பசங்களை ஏத்தி, தண்ணி விடற ரப்பர் குழாயாலயே கட்டி ஓட்டினேன். மேல குண்டு விழுந்துக்கிட்டேதான் இருந்துச்சு."

அவருடைய சொந்தப் பிரிவுக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர் போய்ச் சேரவில்லை, மலைமேல் இருந்தவர்கள் புகார் கொடுத்தார்கள் என்பதுதான். உள்ளே தள்ளினார்கள். கடன் வாங்கிய பிரிவுக்குத் தெரிந்தது அவர்களுடைய ஆட்கள் பிழைத்தது. அவர்கள் பதக்கத்துக்கு எழுதிப் போட்டார்கள். மாதங்கள் கழித்து அந்த முகாம் வழியாக லாரியில் போனபோது அவர்களுடைய தளபதி கூப்பிட்டுக் குத்திவிட்டாராம். இவர் சொந்தப் பிரிவுக்குப் போய் இதை ஏற்றுங்கள் என்று கேட்கவே இல்லை. ஏன் என்றேன். "எந்த மூஞ்சியோட கேக்கறது? அடிச்சதும் தட்டிக் குடுத்ததும் ஒரே காரியத்துக்கு" என்றார்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டேன். "பதக்கத்தைச் சொன்னா தண்ணியைச் சொல்லணும். சின்னப் பையன், அவன்கிட்ட எப்படிச் சொல்ல?" என்றார். இதை உனக்கு எழுதச் சொல்லி அவர் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன்.

தங்கை


ஏப்ரல் 13

தங்கச்சி,

உன் கடிதத்தை ஆபீசில் படித்திருக்கக் கூடாது. பக்கத்து மேஜைக்காரர் "வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே?" என்று கேட்டு வைத்தார்.

மறுநாளே போனேன். தும்மல் அதிகாரி முழுவதையும் கேட்டார். கடனாகப் போகிறவர்களுக்கு இப்படி நடப்பது உண்டு என்றார். பதக்கம் வாங்கிக்கொடுத்த பிரிவின் உத்தரவில் பெயர் இருக்கும், ஆளின் சொந்தப் பிரிவுக்கு அது போய்ச் சேரவே சேராது. ஆனால் அந்தப் பாலப் பிரிவைக் கலைத்து வெகுகாலம் ஆகிறதாம். அவர்களுடைய உத்தரவுகள் வைத்திருந்த அறையில் மழைத் தண்ணீர் புகுந்து எல்லாம் கூழாகிவிட்டதாம்.

அவரே ஒரு வழியும் சொன்னார். சிவப்பு வரியை ரத்து செய்யச் சொல்லி ஒரு மனு, பதக்கத்தை ஏற்றச் சொல்லி ஒரு மனு, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் குழு சீக்கிரம் முடித்துவிடுமாம். தண்டனை அப்படியே இருந்தால், தண்டித்த நாளிலேயே எப்படிப் பாராட்டு என்று கேட்டு இழுத்தடிப்பார்களாம். மே மாதம் முழுக்க அதிலேயே போய்விடும்.

இரண்டு மனுவும் இதோடு இருக்கின்றன. அப்பாவிடம் கையெழுத்து வாங்கி உடனே அனுப்பு. பாலத்தைக் கடக்கும்போது நேரில் பார்த்தவர் யாராவது உயிரோடு இருந்தால் அவருடைய வாக்குமூலமும் வேண்டும். தேடு. நாள் போய்க்கொண்டே இருக்கிறது.

அண்ணன்


ஏப்ரல் 20

அண்ணா,

கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். தலைகீழாக நின்று பார்த்துவிட்டேன்.

"தண்ணியைத் திறந்து விட்டது நான்தானே? அது பொய்யா? பொய் இல்லாததை எதுக்கு அழிக்கணும்?" என்றார். போலீசுக்குப் போவார்கள் என்றேன். "போகட்டும்." ஊர் சிரிக்கிறதே என்றேன். "சிரிக்கட்டும்." நானும் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன். உங்கள் வீம்புக்கு நான்தானே கிளினிக்கில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றுகூடக் கத்தினேன். அப்போதுதான் அது வெளியே வந்தது.

மேலே அந்தக் கூடாரத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் இருந்தானாம். மீசைகூட முளைக்காத வயசு. இவரைக் காவல் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனபோது, எதிரில் அந்தப் பையனை மலையிலிருந்து தூக்குக் கட்டிலில் இறக்கிக்கொண்டு வந்தார்களாம். முகத்தைத் துணியால் மூடியிருந்தார்களாம், அந்தச் சின்ன உடம்பை வைத்துத்தான் அவன் என்று தெரிந்ததாம். இவர் கம்பி வழியாகப் பார்த்தார்.

"கீழ இருந்தவங்களைக் காப்பாத்தினேன்னு பதக்கம் குடுத்தாங்க. மேல இருந்தவனுக்கு யாரு பதில் சொல்றது? அந்தச் சிவப்பு மை ஒண்ணுதான் அவனுக்காக இருக்கு. அதையும் அழிக்கச் சொல்றியா?"

அந்தப் பையன் என்ன ஆனான் என்று இத்தனை வருஷமும் அவர் யாரிடமும் கேட்கவில்லை. அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

ஏற்றிக்கொண்டு போனவர்களின் பெயர்கூட இவருக்குத் தெரியாதாம், பாலத்தைப் பார்த்த சாட்சி யார் என்றால் ஒரே ஒரு ஆளைச் சொல்கிறார். மேல் கூடாரத்தில் இருந்த வயர்லெஸ்காரர். காவலிலிருந்து வெளியே வந்த அன்று இவர் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனவராம்! "கேக்கறதா இருந்தா அவனைக் கேளு. அவன் பொய் சொல்ல மாட்டான்" என்கிறார். சங்கத்தின் முகவரிப் புத்தகத்தில் தேடினேன். உன் ஊரிலேயே, ரயில்வே கேட்டைத் தாண்டி ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறார்.

துப்பின ஆளிடம் போய் நல்ல சாட்சி சொல்லச் சொல்லி எப்படிக் கேட்பது? கேட்டு வை, வேறு வழி இல்லை. அந்தப் பையனைப் பற்றி மட்டும் கேட்காதே. செத்துவிட்டான் என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டால் இவர் என்ன ஆவாரோ. இல்லை, கேள். எனக்கு ஒன்றும் புரியவில்லை அண்ணா, நீயே முடிவு செய்.

தங்கை


மே 2

தங்கச்சி,

வயர்லெஸ்காரரைப் பார்த்துவிட்டேன். முதலில் ஒரு கூத்து. அவருக்கு இப்போது காது சுத்தமாக மந்தம். அப்பாவின் சங்கதியை நான் காதோடு காதாகச் சொல்ல நினைத்துப் போனேன். கடைசியில் தெருவே கேட்கிற மாதிரி கத்த வேண்டியதாகிவிட்டது. பக்கத்துச் சலூனில் சவரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"பாலத்துக்கிட்ட குண்டு விழுந்த அன்னைக்குத் தண்ணியைக் கீழ ஊத்தினவர். நான் அவர் மகன்!"

கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "அந்தப் பாவியோட மகனா நீ?"

ஆமாம் என்றேன்.

"பைனாகுலர்ல பாத்துக்கிட்டே இருந்தேன்யா. லாரி வருது, வருதுன்னு கூட இருந்தவனுங்க கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். பாலத்துக்கு முன்னாடி நின்னுச்சு. குழாயைத் திறந்தான். அத்தனை தண்ணியும் மண்ணுல ஓடுது. மேலேர்ந்து கத்தறேன், எவனுக்குக் கேக்கும்? அப்புறம் ரெண்டு நாள் பாறையை நக்கினோம். வயர்லெஸ்ல புகார் குடுத்ததே நான்தான்."

"தண்ணியை ஊத்தினதுக்கு அப்புறம் என்ன பாத்தீங்க?"

ஒரு ரேடியோவின் மூடியை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். "ஆளுங்களை ஏத்தினான். கட்டினான். பலகை ஆடறது அங்கேர்ந்தே தெரிஞ்சுது. முன்னாடி ஒண்ணு விழுந்துச்சு, பின்னாடி ஒண்ணு விழுந்துச்சு. அவன் நிறுத்தலை."

"அப்போ அவர் செஞ்சது சரிதானே?"

"சரின்னு நான் சொன்னேனா? பாத்ததைச் சொல்றேன்."

அந்தப் பையனைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்று வழியெல்லாம் முடிவு செய்துகொண்டுதான் போனேன். தினமும் எத்தனையோ பேரை எவ்வளவோ கேட்கிறவன், இதைக் கேட்க நாக்கு எழவில்லை. ஆனால் கேட்காமல் வந்தால் உன் முகத்தில் எப்படி விழிப்பது? கிளம்பும்போது வாசலில் நின்று கத்தினேன். "தூக்குக் கட்டில்ல இறக்கினீங்களே, அந்தப் பையன் எப்போ செத்தான்?"

"செத்தானா? எவன் சொன்னது? அவன் செத்திருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேனே! என் தங்கச்சியைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷமா என் உயிரை வாங்கறான்யா. நாலு தெரு தள்ளித்தான் இருக்கான்."

"முகத்தை மூடியிருந்தீங்களாமே?"

"வெயில் மூஞ்சில அடிச்சுது. என் சட்டையைக் கழட்டிப் போட்டேன். அதுக்கென்ன இப்போ?"

நான் அவர் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன் தங்கச்சி. அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

வாக்குமூலத்தைத் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். அப்படியே தருகிறேன்: "இவர் எங்கள் குடிநீரை மண்ணில் ஊற்றினார். என் கண்ணால் பார்த்தேன். அதன்பின் காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு குண்டு விழும்போதே பலகைப் பாலத்தைக் கடந்தார். அதையும் என் கண்ணால் பார்த்தேன். எங்களில் ஒருவர் மயங்கி விழுந்து மலையிலிருந்து இறக்கப்பட்டார், பிறகு குணமாகி நலமாக இருக்கிறார். தண்ணீரை ஊற்றியதற்காக நான் இவரை மன்னிக்கவில்லை."

இதைப் பாராட்டு என்பதா, புகார் என்பதா? கொடுத்தால் குழு அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளிவிடலாம். கொடுக்காவிட்டால் நம் கையில் வேறு எதுவும் இல்லை. அப்பாவிடம் படித்துக் காட்டு. அவர் சொல்கிறபடி செய்கிறேன். அவர் சொல்கிறபடி செய்கிறேன் என்று நான் எழுதி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இல்லை.

அண்ணன்


மே 7

அண்ணா,

படித்துக் காட்டினேன். பாலம் வந்தது, குண்டு வந்தது, கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். "நலமாக இருக்கிறார்" என்ற இடம் வந்ததும், "திரும்பப் படி" என்றார். படித்தேன். "இன்னொரு தடவை." படித்தேன். சலூன் கதை, மச்சான் கதை எல்லாவற்றையும் சொன்னேன்.

"சட்டையா? சட்டையாம்மா அது?" என்றார். எழுந்து குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். குழாய்ச் சத்தத்துக்கு நடுவில் அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது, போகவில்லை. நானும் இந்தப் பக்கம் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

கொடுத்துவிடச் சொல்கிறார். மன்னிக்கவில்லை என்ற வரியோடு சேர்த்து. சிவப்பு மையைத் தொடக் கூடாதாம், அதில் மாற்றமே இல்லை. பதக்க மனுவில் மட்டும் கையெழுத்துப் போட்டார், இதோடு இருக்கிறது. இனி நீயும் அந்தக் குழுவும்தான். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பதில் வந்ததும் ஒரு வரியாவது எழுது.

தங்கை


மே 24

தங்கச்சி,

நேற்று கூப்பிட்டார்கள். மூன்று பேர் கொண்ட குழு. நடுவில் இருந்த பெண் அதிகாரி வாக்குமூலத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "இவர் இன்னும் கோபமா இருக்காரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "வேண்டாதவரே இப்படி எழுதிக் குடுத்திருக்கார்னா இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். தண்டனையை ரத்து செய்யக் கேட்கவில்லையா என்றார்கள். "அப்பா வேண்டாம்னுட்டார்" என்றேன். அதைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்காதே.

திருத்திய பதிவின் நகல் இதோடு இருக்கிறது. ஆகஸ்ட் 19, சிவப்பு மையில் தண்டனை. அதற்கு நேர் கீழே, அதே தேதியில், வீரப் பதக்கம். தும்மல் அதிகாரி தன் கையாலேயே எழுதினார். இன்னொரு நகலைச் சங்கத்துக்கு நேரடியாக அனுப்பிவிட்டார்கள். இனி அந்தச் செயலாளரின் பாடு.

அப்பாவிடம் சொல். எப்படிச் சொல்வாயோ, உன் இஷ்டம். அவர் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? கேட்கவில்லை என்றால் எழுத வேண்டாம்.

அண்ணன்


மே 29

அண்ணா,

இதைத் தபாலில் போடவில்லை. ஆள் மூலமாகத்தான் கொடுத்து அனுப்புகிறேன்.

நகலை அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு வரிகளையும் விரலை வைத்துப் படித்தார். "சரியா எழுதியிருக்காங்க" என்றார். அவ்வளவுதான். மறுநாளே செயலாளர் வீட்டுக்கு வந்தார். கவரை நீட்டிக்கொண்டு என்னென்னவோ மென்று விழுங்கினார். நான் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை, அப்பாதான் நாற்காலியை இழுத்துப் போட்டார். பதக்கத்தை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு, "இது இங்கயே இருக்கட்டும். நான் ஒரு ஊருக்குப் போகணும்" என்றார்.

அந்தப் பையனைப் பார்க்க வேண்டுமாம். பையன்! அவருக்கும் இப்போது பேரன் பேத்தி இருக்கும். வயர்லெஸ்காரரையும் பார்க்க வேண்டுமாம். இன்னொரு தடவை துப்பினால் துப்பட்டும் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் என்றால் கேட்கவில்லை. மூன்று மாதமாக வாசற்படி தாண்டாத மனிதர், தானே சட்டைக்கு இஸ்திரி போட்டார், தானே பஸ் நேரம் விசாரித்து வந்தார். தனியாகவே போய்க்கொள்வேன் என்கிறார்.

நீ கேட்டதற்குப் பதில். நேற்று செருப்பைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "அவன் வீட்டு வாசல்ல நான் போய் நின்னா என்ன சொல்வான்?" நீங்களே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். போகிற வழிதானே என்று முணுமுணுத்தார். உன் வீடு ரயில்வே கேட்டுக்கு நேர் எதிர்த்திசை, அது அவருக்கும் தெரியும்.

இந்தக் கடிதத்தை அவர் சட்டைப் பையில் வைத்து, முதலில் உன்னிடம் இதைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வேறு எதுவும் பேச வேண்டாம், கொடுத்தால் போதும் என்றேன். நீ இதை வாசலிலேயே பிரித்துப் படித்துக்கொண்டிருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? படித்தது போதும் அண்ணா. அவர் நின்றுகொண்டே இருக்கிறார். உள்ளே கூப்பிடு.

தங்கை